கோட்டை மானும் கன்னியா வெந்நீரும்: மாஸ்டரிடம் கேளுங்கள்

திருக்கோணமலையில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டரிடம் வாசகர்கள் கேட்டவை.

நிலாவெளி மாணவி: சேர், எங்கட பள்ளிக்கூடத்தில ஆய்வுகூடம் பேருக்குத்தான் இருக்கு. இயற்கையை எப்பிடிப் படிக்கிறது?

ஒரு கொப்பி, ஒரு பென்சில், பிள்ளை. பஸ் ஏறிக் கோட்டையடிக்கு வாங்கோ. புள்ளிமான்கள் றோட்டிலேயே நிக்கும். ஒரு கலைமானை மட்டும் தெரிஞ்செடுத்து, அதன் கொம்பை வாரம் ஒருக்காக் கொப்பியில் கீறுங்கோ. மாட்டுக்கொம்பு ஆயுளுக்கும் நிக்கும். மான்கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும். முளைக்கும்போது மேலே வெல்வெட் மாதிரி ரோமத்தோல், உள்ளே இரத்தம் ஓடும். முற்றினதும் தோல் காய்ந்து தோரணம் மாதிரித் தொங்கும், மரத்தில் உரசி உரிக்கும். குளிர்நாட்டு மான்களுக்கு இதெல்லாம் ஒரே பருவத்தில் நடக்கும். இங்கே ஒரே மந்தையில் ஒன்று மொட்டைத்தலை, ஒன்று வெல்வெட், ஒன்று முழுக்கொம்பு. ஏன் என்று கேட்கத் தொடங்கினால் ஆய்வுகூடம் அங்கேதான். (பிஸ்கட் மட்டும் குடுக்காதேங்கோ. உறையோட விழுங்குதுகள்.)

உப்புவெளி வாசகர்: நீலத்திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருவதேன்?

கோணேசர் கோயில் மலையில் நின்றே சிலவேளை அது மூச்சுவிடும் ஊதல் தெரியும். துறைமுக வாசலிலிருந்தே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று போகுது, ஆழம் ஆயிரம் மீற்றரையும் தாண்டும். ஆழ்கடல் விலங்குக்கு இது வீட்டு வாசல். தீனி, கூனி மாதிரிச் சின்ன இறால் கூட்டம். 1980களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் முதலான ஆய்வாளர்கள் ‘ரியூலிப்’ என்ற சின்னப் பாய்க்கப்பலில் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். முதுகிலுள்ள திட்டுகள் எங்கட கைரேகை மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வேறு. படம் எடுத்து வைத்தால் அடுத்தமுறை ஆளை அடையாளம் காணலாம்.

கன்னியா வாசகர்: இராவணன் தாயின் கிரியைக்கு வாளால் குத்தித்தான் ஏழு வெந்நீர்க் கிணறும் வந்தது. விஞ்ஞானம் அதைப் பொய்யாக்குதே?

எரிமலை என்று சொல்பவருக்கும் இதே பதில்தான்: எரிமலை இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்பால் ஆழத்துக்கு இறங்கி, பூமிச்சூட்டில் சூடேறி, வேறு வெடிப்பால் மேலே வருது. ஆனால் என் அம்மாவின் அந்தியேட்டி முடிந்து அந்தத் தண்ணியில்தான் நானும் குளித்தேன். அன்றைக்கு வெப்பமானி கொண்டுபோகவில்லை. பிறகு போன நாளில் கொண்டுபோனேன். கிணற்றுக்குக் கிணறு சூடு வித்தியாசம். இரண்டு நாளும் எனக்கு வேணும்.

கிண்ணியா வாசகர்: புறாத்தீவில் செத்த பவளத்துண்டு ஒன்று எடுத்து வரலாமா?

கூடாது. 2003இலிருந்து தேசிய பூங்கா, சட்டப்படியே குற்றம். அதோட, புதுப் பவளக்குஞ்சு ஒட்டி வளர்வது செத்த பவளத்திலும்தான்.

மூதூர் வாசகர்: மூன்று நாள் படகில் போயும் திமிங்கிலம் காணேல்லை மாஸ்டர். காசும் நேரமும் வீண்தானே?

காசுக்கு நான் பொறுப்பில்லை. நானும் பல வருசம் கண்ட நாளை மட்டும் எழுதிவந்தவன். பிறகு ஒருத்தர், எந்த மாதம் திமிங்கிலம் குறைவு என்று கேட்டார். கொப்பியைப் புரட்டினேன், வெற்று நாட்கள் திமிங்கிலம் வராத நாளா, நான் கடலுக்குப் போகாத நாளா, தெரியவில்லை. அத்தனை கொப்பியும் அந்தக் கேள்விக்கு உதவாமல் போச்சு. கச்சான் காற்று அடிச்சாலும் இதே குழப்பம். அலைநுரை எது, ஊதல் எது என்று பிரிக்க ஏலாது.

மூன்று நாளும் எத்தனை மணிக்குப் போய் எத்தனைக்குத் திரும்பினீங்கள்? காற்று எந்தப் பக்கம்? மறக்கமுதல் எழுதி அனுப்புங்கோ.