வரலாறு, அரசியல் அறிவியல் ஆசிரியராக வேண்டுமா? கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை வரலாற்று ஆசிரியையாக இருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட் மாணவர்களின் வகுப்பைக் கவனித்து நிறைகுறை சொல்வதும் என் வேலையில் ஒன்று. ஆசிரியராக விரும்புபவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விதிகள் என்று நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை.

டீச்சர், பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வரலாறும் பிடிக்கும், அரசியல் அறிவியலும் பிடிக்கும். பி.ஏ.வில் எதை எடுப்பது? (மாணவி, விழுப்புரம்)

பள்ளி ஆசிரியராவதுதான் குறிக்கோள் என்றால் வரலாற்றை எடும்மா. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் அவர் ஒருவரே நடத்த வேண்டும். ஆனால் அந்தப் பணியிடத்துக்கு ஆள் எடுப்பது வரலாறு, புவியியல் என்ற இரண்டு பாடங்களில்தான். 2023இல் ஆசிரியர் தேர்வு வாரியம் விட்ட அறிவிப்பிலும் அப்படித்தான் இருந்தது. பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. குடிமையியலை ஆழமாக நடத்தக்கூடியவர் அவர்தான் என்பதால் எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் இன்றைய விதி இதுதான். வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்து, அரசியல் அறிவியல் துணைப் பாடமாகக் கிடைக்கும் கல்லூரியாகத் தேடு. கேந்திரிய வித்யாலயாவில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகவும் இந்தச் சேர்க்கை உதவும். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டைப் படித்திருக்க வேண்டும், அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே கவனித்துவிடு. 'வரலாறும் சுற்றுலாவும்' என்பது போன்ற பெயரில் பட்டம் தரும் கல்லூரிகள் உண்டு. அது பி.ஏ. வரலாற்றுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேள். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும், சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தின் பெயரால் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் ஏற்கெனவே பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி ஆண்டு. அவ்வளவுதானா மேடம்? (மதுரை)

இல்லை தம்பி, வழி கொஞ்சம் நீளம், அவ்வளவே. வரலாறு படித்தவர் பி.ஏ. முடித்ததும் பி.எட் சேரலாம். அரசியல் அறிவியல், பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களுக்கு முதுகலைப் பட்டம் இருந்தால்தான் பி.எட் இடம் தருகிறார்கள். அதனால் எம்.ஏ. அரசியல் அறிவியல், அப்புறம் பி.எட், அதன் பிறகு மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு. எம்.ஏ.வை வேறு பாடத்துக்கு மாற்றிவிடாதீர்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் அரசியல் அறிவியலுக்குப் பணியிடங்கள் குறைவு. சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்தப் பாட ஆசிரியர்களைத் தேடுகிறார்கள், அங்கேயும் முயற்சி செய்யுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பி.எட் அஞ்சல் வழியில் படிக்கலாமா? (திருப்பூர்)

ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தால் வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் நேரடிக் கல்லூரிதான். 2015 முதல் பி.எட் இரண்டு ஆண்டுப் படிப்பு, அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. 'சேர்ந்தால் போதும், வர வேண்டாம்' என்று சொல்லும் கல்லூரிப் பக்கம் போகாதீர்கள் அம்மா. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பழகாமல் பட்டத்தை மட்டும் வாங்கினால், முதல் வேலை நாளிலேயே திணறல்தான். குழந்தைக்கு ஒரு வயது கூடட்டும், அடுத்த ஆண்டு சேரலாம்.

டெட் பாஸ் செய்தால் வேலை உறுதியா? (சேலம்)

இல்லை. 2018ஆம் ஆண்டின் 149ஆம் அரசாணைக்குப் பிறகு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு தகுதி மட்டும்தான். பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். டெட் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பலர் சமூக அறிவியலை மட்டும் விழுந்து விழுந்து படித்துவிட்டு, உளவியல் வரும் குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை.

பி.எட் இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்று வகுப்பில் தூங்குகிறார்கள் டீச்சர். லெசன் பிளான் எல்லாம் சரியாகத்தான் எழுதுகிறேன். (தஞ்சாவூர்)

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தூங்கினால் தூங்கட்டும் என்று நீங்கள் விட்டுவிடவில்லையே!

பிள்ளைகளிடம் முடிவைக் கொடுத்தால் தூங்குவார்கள், ஆதாரத்தைக் கொடுத்தால் விழித்துக்கொள்வார்கள். குடவோலை முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சோழர் காலத் தேர்தல் முறை' என்று ஒரு மதிப்பெண் விடையாக அது ஒரு வரியில் முடிந்துபோகிறது. நான் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கும் விதிகளை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்தில் சேர 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை. கடைசி மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கும் இல்லை. தகுதியானவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

தாளைக் கொடுத்துவிட்டு, 'உங்கள் வீட்டில் யார் யார் இதில் நிற்க முடியும்?' என்று மட்டும் கேளுங்கள். அம்மா முடியாது, அக்கா முடியாது, நிலமில்லாத அப்பா முடியாது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 'கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்பது நல்ல விதியாச்சே டீச்சர்' என்றும் ஒரு குரல் வரும். வகுப்பு சூடாகிவிடும். அப்போது ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தத்துக்குப் போங்கள். இன்று 21 வயதானால் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம், நிலம் தேவையில்லை, தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. வரலாறு எங்கே முடிந்தது, அரசியல் அறிவியல் எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். உத்திரமேரூர் சபை நிர்வகித்த பிராமணக் குடியிருப்பு, எல்லாச் சோழ ஊரும் இப்படி இல்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

குடிமையியல் வகுப்பில் பிள்ளைகள் இன்றைய கட்சிகளைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

உங்கள் கட்சி விருப்பத்தை வகுப்பில் சொல்லக் கூடாது. அதற்காகக் கேள்வியை அடக்கவும் கூடாது, அடக்கினால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள். எந்தச் சட்டம், எந்த ஆண்டு, யார் என்ன வாதம் வைத்தார்கள் என்று ஆவணத்தின் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

இடஒதுக்கீடு பற்றிக் கேட்டால் நான் 1951க்குப் போவேன். கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கு, அந்த ஆணை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டு வந்த முதல் அரசமைப்புத் திருத்தம், அதில் சேர்ந்த, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4)ஆம் பிரிவு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அரசுக்காகவும் மறுபக்கம் மனுதாரருக்காகவும் வாதாடட்டும். அடுத்த நாள் பக்கம் மாற்றிவிடுங்கள். தனக்குப் பிடிக்காத வாதத்தையும் ஒழுங்காக எடுத்துச் சொல்லப் பழகுவதுதான் குடிமையியலில் கடினமான பாடம்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு எப்படித் தயாராவது? (தருமபுரி)

150 மதிப்பெண்ணில் முதன்மைப் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. தமிழ்த் தகுதித் தேர்வு தனி, அதில் தேறாவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதலில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் முடியுங்கள். அப்புறம் பாடத்திட்டத்தை அலகு அலகாக எடுத்துக் கல்லூரி நூல்களுக்குப் போங்கள். ஐரோப்பிய வரலாற்றைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அங்கேதான் மதிப்பெண் நழுவுகிறது. கையடக்கக் கேள்வித் தொகுப்புகளைக் கடைசி மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. தமிழ் வழியில் படித்தவன். இனிமேல் எழுதலாமா மேடம்? (புதுக்கோட்டை)

தாராளமாக எழுதலாம் ஐயா. 2023இல் அரசு உயர்த்திய வரம்பின்படி பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 வயது வரை வாய்ப்பு உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் இருக்கிறது. பட்டத்தை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழி என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சான்று கேட்கிறார்கள். நீங்கள் படித்த தொடக்கப் பள்ளி இணைக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்தால் பழைய பதிவேடு எங்கே போனது என்று தேடவே வாரக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே வட்டாரக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.