ஜப்பான் பையர் மௌனம்: தள்ளுபடியைக் கூட்டலாமா?

நீங்கள் அனுப்பிய சரக்கில் ஊசி முனை கிடைத்த பிறகு, 5 சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொல்லியும் ஜப்பான் பையர் (சரக்கை வாங்குபவர்) பதில் போடவில்லை, இன்னும் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். தள்ளுபடியை 5 சதவீதத்திலிருந்து கூட்ட வேண்டாம். குழந்தைகள் டி-ஷர்ட்டில் ஊசி முனை எப்படி வந்தது என்றுதான் ஒசாகா பையர் கேட்டிருக்கிறார். நீங்கள் போட்ட இரண்டு மெயிலிலும் விலைப்பேச்சு மட்டுமே இருக்கிறது.

அவர் மௌனம் கோபமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய நிறுவனங்களில் பெரும்பாலும் பல துறைகள் ஒப்புக்கொண்ட பிறகே முடிவு வரும். உங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர். உள்ளே இப்போது தலைகுனிந்து நிற்பவரும் அவராக இருக்கலாம். காட்டுவதற்கு அவர் கையில் ஒரு காகிதமாவது வேண்டாமா?

முதலில் உடைந்த ஊசிப் பதிவேட்டையும் அந்த லாட்டின் (ஒரே தொகுதியாகப் போன சரக்கின்) நீடில் டிடெக்டர் பதிவையும், அதாவது துணியில் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பதிவையும், ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் தையல் லைனில் நழுவியது என்று தெரியவரலாம். அப்புறம் ஒரே பக்கம்: வருத்தம், காரணம், மாற்றியது, போட்டோ. ‘டெய்லர் கவனக்குறைவு’ என்று முடித்துவிடாதீர்கள், அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும் அங்கே நீண்ட விடுமுறை வரும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முறையான கிளெய்ம் கடிதம் (நஷ்டஈடு கேட்கும் கடிதம்) வந்திருந்தால் மட்டும், வக்கீலிடம் காட்டாமல் காரணத்தை எழுத்தில் தராதீர்கள்.