பெரியவர்களே பேசட்டும்

அன்புள்ள ஐயா,

நான் மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறேன், வயது 52. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பெரியவர்கள்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். நடைபாதையில் ஏறுவது, சாலையைக் கடப்பது எல்லாமே அவர்களுக்குச் சிரமம். குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொன்னால், “வயசானவங்க எதுக்கு வெளியே போகணும், எல்லாம்தான் வீட்டுக்கே வருதே” என்கிறார்கள். மனு கொடுத்தால் “பார்க்கலாம்” என்ற பதிலோடு சரி. பெரியவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து குரல் கொடுக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

நல்ல காரியம். ஆனால் அவர்களுக்காக நீங்கள் ஏன் பேச வேண்டும்? உங்கள் தெருப் பெரியவர்களில் எத்தனை பேர் ரயில்வேயிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் ஃபைல் எழுதி ஓய்வு பெற்றவர்கள் என்று பாருங்கள். எப்படி எழுதினால் ஒரு மனுவை ஒதுக்கிவைக்க முடியாது என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போனால் அது கருணை மனு ஆகிவிடும். அவர்கள் எழுதட்டும், அவர்கள் பேசட்டும். நீங்கள் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள், போதும்.

எல்லாம் வீட்டுக்கே வருகிறது என்பது பாதி உண்மை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலில் தருகிறது. 2025 முதல் ‘தாயுமானவர்’ திட்டத்தில் ரேஷன் பொருளும் வருகிறது. நல்ல திட்டங்கள்தான். அதற்காக ஒரு மனிதர் வாசலைத் தாண்டவே வேண்டாம் என்றாகிவிடுமா? அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்கவும், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கவும் அவர் போகத்தான் வேண்டும்.

அப்புறம், அளந்து பேசுங்கள். ஒரு டேப்போடு தெருவில் இறங்குங்கள். நடைபாதை சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி நெறி. அதாவது அரை அடி. நம் ஊரில் முழங்காலைத் தொடும் நடைபாதைகளே இருக்கின்றன. ஏற முடியாதவர் சாலையில் நடக்கிறார், பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள்.

சிக்னலிலும் இதே கதைதான். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொதுவாகப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். மூட்டுவலிக்காரர் 0.8 மீட்டர் போனால் பெரிய விஷயம். 18 மீட்டர் அகலச் சாலை என்றால் முன்னவருக்கு 15 நொடி, இவருக்கு 22 நொடிக்கும் மேல். “சிக்னல் போதவில்லை” என்று எழுதினால் “பார்க்கலாம்” என்றுதான் பதில் வரும். “இந்தச் சந்திப்பில் எட்டு நொடி கூட்டுங்கள்” என்று எழுதினால் யாராவது ஆமாம், இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நடப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2014லேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. அதையும் மனுவின் முதல் வரியில் போடச் சொல்லுங்கள்.

மனுவை எங்கே கொண்டுபோவது? மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பகுதி சபைக் கூட்டத்துக்கும் போங்கள். கிராமசபை மாதிரி நகரங்களுக்கு 2022இல் வந்த ஏற்பாடு அது. கவுன்சிலர் எதிரில் உட்கார்ந்திருப்பார். பத்துப் பெரியவர்கள் நேரில் வந்து கேட்பதும், பத்துக் கையெழுத்து போட்ட தாள் வருவதும் ஒன்றல்ல.

வீட்டுக்குள் நடக்கும் கொடுமைகள் தனி விஷயம். அதற்குப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை. அதில் வருகிற பெரியவர்கள் எல்லோரும் சொந்த ஃபிளாட்காரர்கள். உங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கு என்ன வயது என்று விசாரித்திருக்கிறீர்களா? சென்னையில் பல இடங்களில் அது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு கார் வரும்போதும் எழுந்து கேட்டைத் திறக்கிறார். அவர் பாத்ரூம் போக எங்கே இடம்? படுக்க எங்கே? இதற்கு மாநகராட்சி வேண்டாம், உங்கள் சங்கம் ஒரே மீட்டிங்கில் முடித்துவிடலாம். தெருமுனைப் பூக்கார அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா என்றும் கேளுங்கள். 2023இல் உயர்த்திய பிறகும் அது மாதம் 1,200 ரூபாய்தான், ஆனால் அவருக்கு அது பெரிய தொகை. வரவில்லை என்றால் உங்கள் பென்ஷன்காரர்களில் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். அந்த அம்மாவும் வாட்ச்மேனும் வராத கூட்டத்தை முதியோர் கூட்டம் என்று என்னால் சொல்ல முடியாது.

முதல் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வையுங்கள், இரவில் வேண்டாம். தரைத்தளத்தில் வையுங்கள். லிஃப்ட் இல்லாத மண்டபத்தின் இரண்டாவது மாடியில் முதியோர் நலக் கூட்டம் நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.