நகவெட்டியைக் கண்டு நடுங்கும் நாய்

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் கன்னி இன நாய்க்கு ஒருமுறை நகம் வெட்டும்போது இரத்தம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. வீட்டிலேயே வெட்ட வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் முதல் சில நாள்களுக்கு வெட்டவே வேண்டாம். நகவெட்டியைத் தரையில் வைத்து, நாய் தானாக அதனருகே வரும்போதெல்லாம் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். பின்னர் பாதத்தைத் தொடுவதற்கும், நகவெட்டியின் ஓசையைக் கேட்பதற்கும் அவ்வாறே பழக்குங்கள். இருவர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து வெட்டுவது பயத்தை வளர்க்குமேயன்றிக் குறைக்காது.

நகத்தினுள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட சதைப்பகுதி உள்ளது. வெளிர் நகங்களில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். உங்கள் நாய்க்கு இருக்கக்கூடிய கறுப்பு நகங்களில் தெரியாது என்பதால், நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்த்து, அதன் நடுவே கரும்புள்ளி தென்பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். நீண்டுவிட்ட நகத்தில் அச்சதையும் நீண்டிருக்கும்; வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் அதுவும் மெல்லப் பின்வாங்கும்.

முன்னங்காலின் உட்புறத்தில் தரையில் படாத நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தேயாமல் வளைந்து சதைக்குள் குத்தக்கூடும். இரத்தம் கசிந்தால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.