கம்பளி ஆடுகளின் பேன், சொறி, குடற்புழு: வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாட்டின் செம்மறி இனங்களில் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் போன்ற பெரும்பாலானவை இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. உரோமம் தருபவை நீலகிரி, திருச்சி கருப்பு, கோயம்புத்தூர்க் குறும்பை ஆகிய மூன்றே. இந்த ஆடுகளை வளர்ப்பவர்களும் அவற்றின் உரோமத்தை நம்பி நெய்பவர்களும் ஒட்டுண்ணிகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கறுப்புச் செம்மறி உரோமத்தை வாங்கிக் கம்பளி நெய்கிறோம். நூற்கும்போது இழை பாதியில் அறுந்துவிடுகிறது. சில மூட்டைகளில் உரோமம் சிக்குப் பிடித்துத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. ஆடுகள் நோயில்லாமல்தான் இருக்கின்றன என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது? (வாசகர், தருமபுரி மாவட்டம்)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு குறைகள். இழை அறுவதற்கான காரணம் பெரும்பாலும் ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது; சிக்குப் பிடிப்பதற்கான காரணம் தோலின் மேல் இருக்கிறது.

உரோமம் என்பது ஏறத்தாழ முழுவதும் புரதம். அதிலும் கந்தகச் சத்துள்ள புரதக்கூறுகள் நிறையத் தேவைப்படும் புரதம். இரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்கள் பெருகும்போது இரத்தத்தோடு புரதமும் வெளியேறுகிறது. எஞ்சியதை உடல் முதலில் உயிர் காக்கும் உறுப்புகளுக்கே கொடுப்பதால், உரோமக்கால்களுக்குப் போய்ச் சேருவது குறைந்து, அந்த வாரங்களில் வளரும் இழை மெலிந்துவிடுகிறது. ஆடு தேறியதும் இழை மறுபடி பருமனாகிறது. ஆனால் மெலிந்த பகுதி அதே இடத்தில் நின்று, இழுவிசை பட்டவுடன் அறுகிறது.

இதை வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையை எடுத்து, இரு முனைகளையும் இறுகப் பிடித்து, காதருகே வைத்து நடுவில் விரலால் சுண்டுங்கள். நல்ல உரோமம் தந்தி போல அதிரும்; மெலிந்த உரோமம் சடசடவென்று ஒலித்து, கற்றை முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அறும். அந்த மட்டம் ஆடு நலிந்த காலத்தையும் காட்டிவிடும். ஆவணியில் கத்தரித்த ஆட்டை மாசியில் மறுபடி கத்தரிக்கும்போது உரோமம் நடுவில் அறுந்தால், கார்த்திகை மழைக்காலத்தில் அந்த மந்தை நலிந்திருந்தது என்று கொள்ளலாம். குடற்புழு அதிகமாகத் தாக்கும் பருவமும் அதுவே. காய்ச்சல், தீவனப் பற்றாக்குறை, குட்டி ஈன்ற தளர்ச்சி ஆகியவற்றாலும் இப்படி நேரும் என்பதால், புழுதான் காரணம் என்று உரோமத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. விற்பவர்கள் பொய் சொல்வதாகவும் எண்ண வேண்டாம். மாசியில் அந்த ஆடு தேறி, பார்வைக்கு நலமாகவே நின்றிருக்கும்.

சிக்குப் பிடித்த உரோமம், பேனாலோ சொறியாலோ அரிப்பெடுத்த ஆடு வேலியிலும் மரத்திலும் உரசி, பல்லால் கடித்து இழுத்ததன் விளைவு. இதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் கண்ட குறையை விலைக் குறைப்போடு நிறுத்திவிடாமல், எந்த மந்தை, எந்தப் பருவம் என்று ஆட்டுக்காரரிடமே சொல்லுங்கள். இந்தச் செய்தி அவருக்கு வேறு யாரிடமிருந்தும் கிடைக்காது.

கேள்வி: என்னிடம் 60 திருச்சி கருப்பு ஆடுகள் உள்ளன. எல்லாம் பட்டிக் கம்பங்களில் ஓயாமல் உரசுகின்றன. மருந்துக்கடையில் சொன்னபடி ஐவர்மெக்டின் ஊசி போட்டும் ஒரு மாதமாக அரிப்பு நிற்கவில்லை. மருந்து போலியா? (வாசகர், பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: மருந்து நல்லதாகவே இருக்கலாம்; அது கொல்லக்கூடிய பூச்சி உங்கள் ஆட்டில் இல்லாமல் இருக்கலாம். தோலுக்கடியில் போடும் ஐவர்மெக்டின் இரத்தத்திலும் திசு நீரிலும் கலந்து வேலை செய்கிறது. ஆகவே தோலைத் துளைத்து உறிஞ்சும் பேன்களையும், தோலில் கசியும் நீரை உண்டு வாழும் சொறிச் சிற்றுண்ணிகளையும் அது கொல்லும். செம்மறியின் உரோமத்தில் சாதாரணமாகக் காணப்படும் கடிக்கும் பேனோ இரத்தம் குடிப்பதில்லை. தோலின் மேற்செதிலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மென்று வாழ்கிறது. ஊசி மருந்து அதைப் போதிய அளவில் சென்றடையாது.

ஆகவே மருந்து வாங்குவதற்கு முன் ஆட்டைப் பாருங்கள். அதிகமாக உரசும் சில ஆடுகளைப் பிடித்து வெயிலில் நிறுத்தி, கழுத்தின் பக்கவாட்டிலும் தோளிலும் விலாவிலும் உரோமத்தைத் தோல் தெரியும்வரை பிரித்துப் பாருங்கள். ஓரிடத்தோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் பத்து இடங்களிலாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பேன் இருந்தால், ஏறத்தாழ 2 மி.மீ. நீளத்தில் வெளிர்பழுப்பாக, வெளிச்சம் பட்டவுடன் உரோமத்துக்குள் நகர்ந்து மறையும். தோலருகே இழையில் ஈர் ஒட்டியிருப்பதும் தெரியும். சொறியில் பூச்சி கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மஞ்சள் நிறப் பொருக்கும் ஈரக்கசிவும் உரோமம் கொத்தாக உதிர்ந்த திட்டும்தான் தெரியும். திட்டின் நடுப்பகுதியை விட்டு, அது பரவிவரும் ஓரத்தில் சுரண்டி எடுத்த பொருக்கைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

சொறி என்று உறுதியானால், ஊசியை எடைக்கேற்ற அளவில் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை போடுவது வழக்கம். ஒருமுறையோடு நிறுத்துவது போதாது. பேன் என்றால் மருந்துக் குளியல்தான் வழி. இரண்டுக்கும் உதவும் மருந்துகளில் ஒன்று அமிட்ராஸ். 12.5 சதவீத மருந்தில் லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி. கலந்தால் 0.05 சதவீதக் கரைசல் கிடைக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 800 மி.லி. ஆகும். இதைக் கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வேறு மருந்து வாங்கினால் அதன் புட்டியில் செம்மறிக்கெனக் குறித்த அளவையே பின்பற்றுங்கள்.

குளியலின் பலன் மருந்தைவிடச் செய்முறையைப் பொறுத்தே அமைகிறது. உரோமம் நீண்டிருக்கும்போது மேலே தெளிப்பது தோலைத் தொடாது. ஆகவே கத்தரித்து இரண்டு வாரம் கழித்து, கத்தரி பட்ட காயங்கள் ஆறியபின், உரோமம் சிறிது வளர்ந்து மருந்தைப் பிடித்துவைக்கும் நிலையில் முக்குவதே சிறந்தது. கத்தரிப்பதே பேன்களில் ஒரு பெரும் பங்கை நீக்கிவிடும் என்பது கூடுதல் நன்மை. வெயில் நாளின் காலையில், ஆடுகளுக்கு முன்னதாக வயிறாரத் தண்ணீர் காட்டி, களைப்பாறிய பின் ஒவ்வொன்றாக இறக்குங்கள். தாகத்தோடு இறங்கும் ஆடு மருந்து நீரைக் குடித்துவிடும். சொறிக்கு ஒரு நிமிடம், பேனுக்கு அரை நிமிடமாவது ஆடு நனைய வேண்டும்; தலையை இருமுறை கணநேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும், ஏனெனில் காதடியும் கழுத்தும் பூச்சிகள் ஒளியும் இடங்கள். நிறைமாதச் சினை ஆடுகளையும் இளங்குட்டிகளையும் தொட்டியில் இறக்காமல், மருத்துவரைக் கேட்டு வேறு வழியில் கவனியுங்கள்.

பலரும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. தொட்டியிலிருந்து ஏறும் ஆட்டின் உரோமம் தண்ணீரை எடுத்துச் செல்வதைவிட அதிகமான விகிதத்தில் மருந்தைப் பிடித்து எடுத்துச் சென்றுவிடும். முதல் ஆட்டுக்கு 0.05 சதவீதமாக இருந்த கரைசல் முப்பதாவது ஆட்டுக்கு அவ்வளவு இருக்காது. கால் பங்கு குறைவதற்குள் மருந்து கலந்த நீரால் நிரப்புங்கள். வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

கடிக்கும் பேனின் ஈர் பத்து நாள் அளவில் பொரிக்கிறது. ஈரைக் கொல்லாத, நின்று வேலை செய்யாத மருந்தானால் இரண்டு வாரத்தில் மறுபடி முக்க வேண்டும். 60 ஆடுகளுக்கும் ஒரே நாளில் செய்யுங்கள்; ஒன்று விடுபட்டாலும் அதிலிருந்து மந்தை முழுவதற்கும் திரும்பப் பரவும். சொறி கண்ட பட்டியை மூன்று வாரம் காலியாக விடுவதும், புதிதாக வாங்கிய ஆட்டை அதே அளவு காலம் தனியே கட்டுவதும் அவசியம். ஆஸ்திரேலியா 1896இல் ஆட்டுச் சொறியை நாட்டைவிட்டே ஒழித்ததற்கு, எந்த மந்தையையும் விடாமல் சட்டத்தின் மூலம் மருந்துக்கு உட்படுத்தியதே காரணம். பிரிட்டன் 1952இல் ஒழித்தும், 1973இல் வெளியிலிருந்து வந்த ஆடுகளால் அது திரும்பிவிட்டது. உங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பகிரும் அண்டை ஆட்டுக்காரர்களையும் அதே வாரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: நீலகிரி ஆடுகள் வளர்க்கிறேன். மாதந்தோறும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்தும் குட்டிகளுக்குக் கீழ்த்தாடை வீங்குகிறது. உரோமம் மங்கிக் கொட்டுகிறது. மருந்தின் பெயரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. (வாசகர், உதகை வட்டாரம்)

பதில்: மாதந்தோறும் எல்லா ஆட்டுக்கும் கொடுத்ததே இந்த நிலைக்குக் காரணமாகியிருக்கக்கூடும் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்த்தாடை வீக்கம், இரத்தத்தில் புரதம் மிகக் குறைந்ததன் அடையாளம். பெரும்பாலும் நாலாம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் ஈமோங்கஸ் என்ற உருண்டைப்புழுவால் வரும். நத்தைகள் உள்ள சதுப்பில் மேயும் ஆடுகளுக்கு ஈரல் தட்டைப்புழுவாலும் வரும். ஒரு ஈமோங்கஸ் புழு நாளொன்றுக்கு 0.05 மி.லி. இரத்தத்தைப் போக்குகிறது என்பர். ஐயாயிரம் புழு சேர்ந்தால் அது 250 மி.லி.; ஒரு குட்டியின் உடல் இதைத் தாங்காது.

ஒரே மருந்தை அடிக்கடி கொடுக்கும்போது அதற்கு மடியாத புழுக்கள் மட்டும் எஞ்சி, அவற்றின் சந்ததியே மேய்ச்சல் நிலத்தை நிரப்பும். அல்பெண்டசோல் குடும்பத்தின் முன்னோடியான தயாபெண்டசோல் 1961இல் விற்பனைக்கு வந்தது. 1964லேயே அதற்கு அடங்காத புழுக்கள் கண்டறியப்பட்டன. நீங்கள் பெயரை மாற்றியபோது பென்பெண்டசோல் வாங்கியிருந்தால், அதுவும் அதே குடும்பம். முன்னதற்கு மடியாத புழு இதற்கும் மடியாது.

முதலில் பத்து ஆடுகளின் புழுக்கையைச் சோதனைக்குக் கொடுத்து, மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மீண்டும் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதம் குறையவில்லையென்றால் அந்த மருந்து உங்கள் பண்ணையில் வலுவிழந்துவிட்டது. அந்நிலையில் வேறு குடும்பங்களைச் சேர்ந்த லெவமிசோல் அல்லது குளோசான்டெல் பயன்படும். இரண்டுக்கும் அளவு மீறினால் ஆபத்து உண்டென்பதால் மருத்துவர் குறித்தபடியே கொடுக்க வேண்டும். அளவு குறைந்தாலும் தீங்குதான். 2.5 சதவீத அல்பெண்டசோலில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 20 கிலோ ஆட்டுக்கு 4 மி.லி. வேண்டும். கண் மதிப்பில் 15 கிலோ என்று எண்ணி 3 மி.லி. ஊற்றினால், ஓரளவு எதிர்ப்பு பெற்ற புழுக்கள் தப்பிப் பெருகும். ஆகவே ஆடுகளை எடையிட்டுக் கொடுங்கள். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோலைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, எல்லா ஆட்டுக்கும் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஒரு முறையில், கீழ் இமையை மெல்ல விலக்கி உள்தோலின் நிறத்தை ஐந்து படிகளுள்ள வண்ண அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். நன்கு சிவந்திருந்தால் மருந்தில்லை. வெளிறியிருந்தால் மட்டும் மருந்து. மருந்து படாத ஆடுகளில் தங்கும் புழுக்கள் மருந்துக்கு மடியும் இயல்போடு இருந்து, எதிர்ப்புப் பெற்றவற்றின் பங்கைக் குறைத்துவைக்கும். மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை இமை பாருங்கள். குட்டிகளையும், ஈன்ற தாய் ஆடுகளையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் ஈனும் பருவத்தில் தாயிடமிருந்து வெளிவரும் முட்டைகள் கூடிவிடும். உங்கள் மலையின் ஈரக்குளிரில் புல்லிலுள்ள இளம்புழுக்கள் நெடுநாள் உயிரோடு இருக்கும். பனி உலர்ந்தபின் மேய விடுவதும், ஒட்ட மேய்ந்த புல்லில் குட்டிகளை விடாதிருப்பதும் நல்லது. கடலைப் புண்ணாக்கு போன்ற புரதத் தீவனம் சேர்த்தால், இழந்த புரதத்தை ஈடுசெய்து உரோமத்தையும் தேற்றும்.

கேள்வி: இரசாயனம் இல்லாமல் வேப்பெண்ணெய், சீத்தாப்பழ விதை கொண்டு பேனை ஒழிக்க முடியாதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நாலைந்து ஆடுகளுக்கு, கத்தரித்த உடனே என்றால் ஓரளவு பயன் தரும். பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவற்றை அரைத்து வடிகட்டித் தெளிப்பது உண்ணிக்கு மரபாகச் செய்யப்படுவதுதான். சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும். ஆனால் அது கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் அளவுக்குப் புண்ணாக்கும் என்பதால் ஆட்டின் முகத்தருகே கொண்டுபோகக்கூடாது. நீண்ட உரோமத்தில் எண்ணெய் தடவினால் அது தோலை அடையாமல், தூசியைச் சேர்த்து உரோமத்தைத்தான் பாழாக்கும். இயற்கையில் கிடைப்பது தீங்கற்றது என்றும் பொருளில்லை. 1852இல் இங்கிலாந்தில் வில்லியம் கூப்பர் என்ற கால்நடை மருத்துவர் விற்பனைக்குக் கொண்டுவந்த புகழ்பெற்ற ஆட்டுக் குளியல் தூள், பாடாணமும் (ஆர்சனிக் என்ற நஞ்சு) கந்தகமும் சேர்ந்தது; இரண்டும் இயற்கையில் கிடைப்பவையே.

கேள்வி: மழையில் வாலடியில் உரோமம் ஊறி, புழு வைத்துவிடுகிறது. என்ன செய்வது? (வாசகர், அரியலூர்)

பதில்: ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும் என்பதால் மழைநாட்களில் அன்றாடம் பார்க்க வேண்டும். புண்ணைச் சுற்றி நல்ல தோல் தெரியும்வரை உரோமத்தைக் கத்தரித்து, டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சால் புழுக்களை வெளிவரச் செய்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மருத்துவர் தரும் களிம்பைப் போடுங்கள். கழிச்சல் இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவை. வாலடி நனைந்துகொண்டே இருந்தால் ஈ திரும்பத் திரும்ப வரும். மழைக்கு முன்பே வாலடி உரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கேள்வி: மருந்துக் குளியலுக்குப் பின் எத்தனை நாளில் உரோமத்தைக் கத்தரித்து விற்கலாம்? (வாசகர், சேலம் மாவட்டம்)

பதில்: புட்டியில் குறித்துள்ள இடைவெளியே முதல் விதி; இறைச்சிக்கு விற்பதற்கான இடைவெளி வேறாக இருக்கும், அதையும் பாருங்கள். மருந்துகள் உரோமத்தின் இயற்கைக் கொழுப்பில் கரைந்து தங்குகின்றன. களிம்புகளில் சேரும் லனோலின் அந்தக் கொழுப்புதான். கத்தரித்த பின் முக்கிய ஆட்டில் அடுத்த கத்தரிப்புக்குள் பல மாதம் கழிந்துவிடுவதால் எச்சம் வெகுவாகக் குறைந்திருக்கும். கத்தரிக்கும் நாள் நெருங்கும்போது பேனைக் கண்டால் மருந்தைத் தொடாமல், நாளை முன்தள்ளிக் கத்தரித்துவிட்டுப் பிறகு முக்குங்கள். மீந்த கரைசலையும் உரோமம் அலசிய நீரையும் ஓடையிலோ குளத்திலோ விடக்கூடாது, மீன்கள் மடியும். எந்த மருந்து, எந்தத் தேதி என்பதை எழுதி உரோம மூட்டையோடு கட்டி அனுப்பினால், அலசுபவரும் நூற்பவரும் கையுறையோடு எச்சரிக்கையாக வேலை செய்ய உதவும்.