டேலி வகுப்புக்கு முன்னால் உங்கள் கடை பில் கட்டைக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

கடிதம் கிடைத்தது. திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறீர்கள். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, எக்செல் எல்லாம் சேர்த்து ஒரு பயிற்சி மையத்தில் 22 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள், கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது என்னையும் உடன் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் 11 பேர், எல்லோரும் பி.காம். அவர்களில் 9 பேர் டேலி சான்றிதழ் வைத்திருந்தார்கள். முதலாளி மேஜையில் மூன்று தாள்களைப் போட்டார்: பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், பில். "இதை என்ன செய்வீர்கள்?" கேள்வி அவ்வளவுதான். "எஃப்9 அழுத்தி பர்ச்சேஸ் வவுச்சரில் பதிவேன் சார்" என்று ஒருவர் பின் ஒருவராக ஒப்பித்தார்கள். ஆர்டரில் 50 பெட்டி. சலானிலும் 50 என்றுதான் அச்சாகியிருந்தது. ஆனால் அதன் அடியில் கிடங்குக்காரர் பென்சிலால் "48 மட்டும்" என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பில் 50 பெட்டிக்கும் வந்திருந்தது. அந்தப் பென்சில் கிறுக்கலைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒரு பெண், "குறைந்த இரண்டு பெட்டிக்கு நாம் டெபிட் நோட் போட்டு, அவர்களிடம் கிரெடிட் நோட் கேட்க வேண்டும்" என்றார். அந்த இரண்டு பெட்டியின் தொகையை இரு பக்கக் கணக்கிலும் கழிப்பதற்கான தாள்கள் அவை. அவரிடம் டேலி சான்றிதழ் கிடையாது. வேலை அவருக்குத்தான் கிடைத்தது. டேலியை அங்கேயே ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டார்.

ஒரு தாள் எங்கிருந்து வந்தது, எதற்குச் சாட்சி, அடுத்து யார் மேஜைக்குப் போக வேண்டும், கடைசியில் எந்தக் கோப்பில் உட்கார வேண்டும் என்பதைத்தான் அலுவலக நடைமுறை என்கிறோம். கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லாமல் இல்லை. பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில்கூட 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' என்று தனிப்பாடமே உண்டு. என்ன, கோப்பைத் தொடாமலேயே கோப்பிடுதலின் நன்மைகளை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். நானே அப்படி வாங்கியவன்தான். முதல் வேலையில், "இணைப்பு: மேற்கண்டவாறு" என்று கடிதத்தில் தட்டச்சு செய்துவிட்டு, இணைப்பை மேஜையிலேயே விட்டு உறையை ஒட்டி அனுப்பினேன். நான்காம் நாள் அந்தக் கடிதம் என் மேலாளர் கைக்குத் திரும்பி வந்தது. அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

உங்கள் மகளுக்கு ஓர் அலுவலகமே வீட்டில் இருக்கிறது. போன மாதக் கொள்முதல் பில்களை அப்படியே கட்டோடு அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டு சப்ளையருக்கு 33 என்று தொடங்கும், பெங்களூரு சரக்கென்றால் 29. அந்தப் பில்லில் மட்டும் சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்ற இரண்டு வரிகளுக்குப் பதிலாக ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி ஏன் வருகிறது என்று அவரே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்ட வேண்டும். 14ஆம் தேதி உங்கள் ஜிஎஸ்டி கணக்கில், சப்ளையர்கள் அப்படிக் காட்டிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை வந்து நிற்கும். கையில் உள்ள பில்லையும் அந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். பில் இருந்தும் அறிக்கையில் இல்லாவிட்டால், நீங்கள் கொடுத்த வரி உங்களுக்கு வரவாகாது. சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் வரி கட்டித் தாக்கல் செய்யும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கெடு. 19ஆம் தேதி ராத்திரி ஆடிட்டர் ஆபீஸிலிருந்து உங்களுக்கு வரும் போன் எதற்கென்று இனி வீட்டில் இன்னொருவருக்கும் புரியும்!

அந்த சப்ளையருக்கு மெயிலும் அவரே எழுதட்டும். "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினால் அடித்துவிடுங்கள். பொருள், பில் எண், தேதி, என்ன குறை, எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும். ஐந்து வரி போதும்.

சில்லறைச் செலவையும் ஒப்படையுங்கள். ஒன்றாம் தேதி 2,000 ரூபாய் கொடுங்கள். டீ, ஆட்டோ, சுமைகூலி எதுவானாலும் ஒரு வவுச்சர், வாங்கியவர் கையெழுத்து. மாதக் கடைசியில் மீதிப் பணமும் வவுச்சர்களும் சேர்ந்து 2,000 வர வேண்டும். செலவான தொகையை மட்டும் திரும்பக் கொடுத்து மறுபடி 2,000 ஆக்குங்கள். பாடப் புத்தகத்தில் இம்ப்ரெஸ்ட் முறை என்று அவர் படித்தது இதைத்தான். 40 ரூபாய் உதைத்தால் உங்கள் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டாதீர்கள். அதைத் தேடும் ஒரு மணி நேரம்தான் பயிற்சி.

போனும் அப்படியே. "யாரோ கூப்பிட்டாங்கப்பா" என்ற பதிலை இனி ஏற்காதீர்கள். பெயர், ஊர், நேரம், விஷயம், திரும்ப அழைக்க வேண்டிய எண் எல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் பெயரைக் கெடுத்துக்கொள்வது இதில்தான்.

மூன்று மாதம் இப்படிப் போகட்டும். அப்புறம் டேலி படித்தால், ஒவ்வொரு வவுச்சருக்கும் ஓர் உண்மையான பில் அவர் மனதில் ஓடும். அப்போதும் 22 ஆயிரம் தேவையில்லை. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் அவர் கல்லூரிக்கு என்ன பயிற்சி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். கட்டணம் கட்டித்தான் தீர வேண்டுமென்றால் எக்செல்லுக்குக் கட்டுங்கள்.

இன்னொன்று, தட்டச்சு. பழைய சமாச்சாரம் என்று சிரிக்காதீர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலம் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தமிழும் ஆங்கிலமும் முடித்து வைத்தால், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். தனியார் வேலைக்குப் போனாலும் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கும் விரல்கள் வீண் போகாது. காலை ஆறரை மணி வகுப்பு பக்கத்தில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். முடித்துவிட்டு கல்லூரி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.