கழுத்தில் ‘படக்’ என்று கேட்டால் எலும்பு சேர்ந்துவிட்டதா?

கேள்வி: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த வேன் இடித்து 12 நாளாகிறது. பிடரியில் வலி, வலப்பக்கம் ஓரளவுக்கு மேல் திரும்ப முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் கழுத்தின் இயல்பான வளைவு குறைந்து நேராக இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. கைரோபிராக்டிக் (மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருகியும் தரும் சிகிச்சை) கிளினிக்கில், “எலும்பு விலகியிருக்கிறது, 24 சிட்டிங் வேண்டும், மொத்தமாகக் கட்டினால் சலுகை” என்கிறார்கள். போகலாமா? வயது 38.
– ஒரு வாசகர், கோவை

பதில்: போகலாம். ஆனால் அந்த 24 சிட்டிங்குக்காக அல்ல. முதல் நாளே கழுத்தைத் திருகி நெட்டி எடுத்துக்கொள்வதற்காகவும் அல்ல.

முதலில் அந்த ரிப்போர்ட். பிடரித் தசைகள் இறுகினாலோ, படம் எடுக்கும்போது மோவாய் சற்றுத் தாழ்ந்திருந்தாலோ வளைவு குறைந்துதான் தெரியும். வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும். அதை வைத்து ‘எலும்பு விலகல்’ என்று சொல்வது சரியல்ல. பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு சீட்டோடு முன்னே தள்ளப்படுகிறது, தலை ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த வெட்டில் கழுத்தின் சிறு மூட்டுகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான்.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் கைரோபிராக்டிக்கைத் தொடங்கியபோது, விலகிய முள்ளெலும்பைத் தள்ளிச் சேர்ப்பதாகத்தான் நம்பினார். இன்று அந்த விளக்கம் நிற்பதில்லை. மூட்டின் இரு பரப்புகளும் சட்டெனப் பிரியும்போது உள்ளேயுள்ள திரவத்தின் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குமிழி உருவாகிறது. அந்த ‘படக்’ சத்தம் அதிலிருந்துதான். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்து இதைப் படம்பிடித்தார்கள். சத்தம் வராவிட்டாலும் பலன் குறைவதில்லை. நடப்பது இவ்வளவுதான்: இறுகிய தசை சற்று நேரம் தளர்கிறது, வலி குறைகிறது, கழுத்து கூடுதலாகத் திரும்புகிறது. இந்த இடைவெளி சில மணி நேரமோ, ஓரிரு நாளோதான் நீடிக்கும். அதற்குள் கழுத்தை அசைத்துப் பழக்கினால் முன்னேற்றம் தங்கும்; வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அடுத்த சிட்டிங்கில் மறுபடி முதலிலிருந்து.

யாரையும் தொடவிடும் முன் சிலவற்றைப் பாருங்கள். இரு பக்கமும் 45 பாகையாவது (நேர்ப்பார்வைக்கும் தோளுக்கும் நடுவே) தலை திரும்புகிறதா? கையில் எறும்பு ஊர்வது போலவோ மரத்துப்போனது போலவோ இருக்கிறதா? சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் உண்டா? கழுத்து அவ்வளவு திரும்பவில்லை என்றாலோ, மற்றவற்றில் ஏதேனும் இருந்தாலோ எக்ஸ்ரே போதாது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது கழுத்து ரத்தக்குழாய். விபத்தில் அதன் உட்சுவர் கிழிந்திருந்தால், முதலில் வெறும் கழுத்துவலியாகவே தெரியலாம். இதுவரை வந்திராத வகையில் ஒரு பக்கமாகத் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்தல் – இவற்றில் எது வந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் கழுத்தைத் திருகினால் பக்கவாதம் வரலாம். சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் ‘போனஸாக’ எடுக்கும் நெட்டியும், வீடியோக்களில் பட்டை கட்டித் தலையை வெடுக்கென இழுப்பதும் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்), முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுநோய்) உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேகமான அழுத்தம் கூடாது.

நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பில் பாதி நேரத்தைக் கேள்விக்கும் பரிசோதனைக்கும் செலவிடுவார்: ரத்த அழுத்தம், கைப்பிடி பலம், நரம்பைச் சோதிக்கச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, கழுத்து எத்தனை பாகை திரும்புகிறது என்ற அளவு. பிறகு மூட்டை மெதுவாக ஆட்டிக்கொடுப்பது, தோள்பட்டைத் தசைகளை இளக்குவது. அழுத்தம் தேவையென்றால் மேல் முதுகிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அங்கே தளர்த்தினாலே கழுத்துவலி குறைவதுண்டு, அபாயமும் குறைவு. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனிச் சட்டப் பதிவுக் கவுன்சில் கிடையாது. அதனால் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் தப்பில்லை. கைமுறைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டும் இதே வேலையைச் செய்வார்.

வாரத்துக்கு இரண்டு வீதம் மூன்று வாரம், ஆறு சிட்டிங். அதற்குமேல் முன்பணம் கட்ட வேண்டாம். மூன்றாம் வார முடிவில் திரும்பும் பாகையும் வலியின் மதிப்பெண்ணும் (பத்துக்கு எவ்வளவு என்பது) முதல் நாள் குறிப்பைவிட மேம்படவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிட்டிங் முடிந்த பின் ஓரிரு நாள் உடம்பு வலிப்பது இயல்பு.

வீட்டில், வலி தொடங்கும் எல்லை வரை இரு பக்கமும் மெதுவாகத் தலையைத் திருப்புங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு நான்கைந்து வேளை. மோவாயைப் பின்னுக்கு இழுத்து (இரட்டைத் தாடை விழும்படி) 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. இரண்டு வாரத்துக்குப் பின் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல், கால்வாசி பலத்தில் 6 விநாடி தள்ளுங்கள். பின்மண்டை, இரு பக்கவாட்டு எனத் தலா 5 முறை. பயிற்சியால் வலி பத்துக்கு இரண்டு புள்ளி ஏறி, மறுநாள் காலைக்குள் இறங்கினால் தொடரலாம். இறங்காவிட்டால் பாதியாகக் குறையுங்கள். கழுத்துக்குக் காலர் பட்டை மாட்டியே இருந்தால் தசை வலுவிழக்கும், கழற்றிவிடுங்கள்.

குணமான பின்னும் மாதாமாதம் போக வேண்டுமா? 2018-இல் வெளியான சுவீடன் ஆய்வில், அடிக்கடி இடுப்புவலி வந்து, கைரோபிராக்டிக்கால் தேறியவர்கள் திட்டமிட்டுத் தொடர்ந்தபோது, வலி தொந்தரவு செய்த நாட்கள் ஆண்டுக்கு சுமார் 13 குறைந்தன. அது மீண்டும் மீண்டும் வரும் இடுப்புவலிக்கான கணக்கு. ஒருமுறை அடிபட்ட கழுத்துக்கு அதைப் பொருத்த முடியாது.

இரு கண்ணாடிகளையும் உடம்பைத் திருப்பாமல் பார்க்க முடியும்வரை கார் ஓட்ட வேண்டாம். ஓட்டத் தொடங்கும்போது சீட்டின் தலைச்சாய்வை (ஹெட்ரெஸ்ட்) சரிசெய்யுங்கள்: மேல் விளிம்பு குறைந்தது காதின் மேல்நுனி உயரத்துக்காவது இருக்க வேண்டும், பின்மண்டைக்கும் அதற்கும் இடையே கூடியவரை 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். பல கார்களில் அது கடைசிக் குழியில் இறங்கி, பிடரிக்குக் கீழேதான் கிடக்கும்.